எட்டாம் நம்பர் பாலிஷ்

"இதுல ரெண்டு கண்ணு இருக்குல்ல? ஒண்ணைக் கழட்டிட்டா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டார் சேட்.

நாகரத்தினம் சிரித்துவிட்டான். சிரித்தது தப்பு. சேட் சிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கல்கத்தா பெஹாலாவில் எவர்சில்வர் தகட்டுக்கு அவர் கோடவுனை விட்டால் வேறு பெரிய கோடவுன் கிடையாது. அந்த இடத்துக்கு அவர் வந்ததே இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். நாகரத்தினமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். விருதுநகரில் அப்பாவின் பாத்திரக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன். நசுங்கின குடத்தை, நசுங்கின பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி அடுக்கி வைக்க ஏழு வயதிலேயே பழகிய கை அவனுடையது. இன்ஜினீயரிங் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது அவன் விற்க வந்திருப்பது குடமல்ல, ஓட்டுநர் இல்லாமல் தானே போய்ச் சரக்கை எடுத்து, தானே கொண்டுவந்து வைக்கிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி. சென்னைக் கம்பெனி. முதலாளி விஸ்வநாதன். கல்கத்தாவில் கம்பெனியின் மொத்த ஆபீஸும் நாகரத்தினம்தான். டாக்குரியாவில் ஒரு வாடகை அறையும் அவனும்.

"சேட்ஜி, விரலை மூக்குக்கு முன்னால நீட்டுங்க. ஒரு கண்ணை மூடுங்க. இப்ப அதைத் திறந்துட்டு இன்னொண்ணை மூடுங்க. விரல் தாவுதா?"

சேட் செய்து பார்த்தார். "தாவுது."

"கையைத் தள்ளி நீட்டுங்க. இப்ப கொஞ்சமாத்தான் தாவும். எவ்வளவு தாவுதோ அதை வெச்சுத்தான் வண்டி தூரத்தைக் கணக்குப் போடும். ஒரு கண்ணு போனா எதிர்ல சுவர் இருக்குன்னு தெரியும். எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியாது."

"எனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. ஒரு மாசம் ஒத்தைக் கண்ணுலதான் வியாபாரம் பண்ணேன். ஒருத்தனும் ஏமாத்தலை" என்றார் சேட். பிறகு வண்டியின் அடியில், கணுக்கால் உயரத்தில் இருந்த கறுப்பு டப்பாவைச் செருப்பு நுனியால் காட்டினார். "கண்ணு ரெண்டும் இருக்கட்டும். இது என்ன?"

"லேசர். கீழே கால் கை ஏதாவது தட்டுப்பட்டா வண்டியை நிறுத்தும்."

"ரெண்டு கண்ணு இருக்கிறவனுக்குக் குச்சி எதுக்கு?"

நாகரத்தினத்திடம் பதில் இருந்தது. போனில் இருந்த விஸ்வநாதனிடம் அதைவிட வேகமான பதில் இருந்தது. "கழட்டிக் கொடுத்துடு நாகு. கேமரா போதும்." லேசர் கழன்றது, விலை இறங்கியது, சேட் டீ வரவழைத்தார். டீயை மட்டும் அவர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

சோதனை ஓட்டம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பிரச்சினை தலைகாட்டியது.

கோடவுனில் விதவிதமான தகடு உண்டு. அதில் ராஜா, எட்டாம் நம்பர் பாலிஷ். லிஃப்டுக்கு உள்ளேயும் நட்சத்திர ஹோட்டல் தூணிலும் ஒட்டுகிற தகடு. முகம் பார்த்துத் தலை சீவலாம். அவற்றை இரும்புச் சட்டங்களில், கூடாரம் போல இரண்டு பக்கமும் சாய்த்து நிறுத்திச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவன் பார்ப்பதற்காக முன் தகட்டில் மட்டும் பிளாஸ்டிக் உறையை உரித்திருப்பார்கள். வண்டி, நடைபாதை வழியே சரக்குப் பெட்டியோடு வந்து, கடைசிச் சட்டத்துக்கு முன்னால் தானாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. பெட்டியோடு மெல்ல வந்து தகட்டில் முட்டிவிட்டுத்தான் நின்றது.

நாகரத்தினம் லேப்டாப்பைத் திறந்து, வண்டி என்ன பார்த்தது என்று பார்த்தான். கிட்டத்தில் இருப்பது சிவப்பாகவும் தூரத்தில் இருப்பது நீலமாகவும் தெரிகிற படம். சட்டம் இருந்த இடத்தில் சிவப்பே இல்லை. நீலமாக ஒரு வாசல். வாசலுக்கு உள்ளே நீளமாக ஒரு நடைபாதை. அது தகட்டில் தெரிந்த பிம்பம், வண்டிக்குப் பின்னால் கிடக்கிற பாதை. தகட்டுக்கென்று ஒரு புள்ளி, ஒரு கீறல் இருந்தால் இரண்டு கண்ணும் அதைப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான தகட்டுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. ஊரான் பொருளைக் காட்டி நிற்கிற கடை அது. வண்டியும் நம்பி உள்ளே போகப் பார்த்தது. சட்டத்தின் இரும்புக் காலாவது தெரியும் என்றால், சுமை ஏற்றியதும் பெட்டி அதை மறைத்துவிடும். லேசர் இருந்திருந்தால் காலைக் கண்டுபிடித்திருக்கும். லேசர் சென்னையில், அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

"தகட்டுல ஏதாவது ஒட்டினா நிக்குதா?" என்று விஸ்வநாதன் போனில் கேட்டார்.

"பேப்பர் ஒட்டினா நிக்கும் சார். எழுத்து நிறைய இருக்கே, புள்ளிக்குப் பஞ்சமில்லை."

"ஒட்டு. கையெழுத்தாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதா பசை காய்ச்சி, பழைய வங்காளிப் பேப்பர்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு சட்டத்தின் முன் தகட்டிலும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். மறுநாள் வண்டி ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் வந்து, பெரிய மனிதர் வீட்டு வாசலில் செருப்பு விடுகிறவன் மாதிரி மரியாதையாக நின்றது.

சேட்தான் முதலில் கேட்டார். "இது என்ன குப்பை?"

உண்மையைச் சொன்னால் வியாபாரம் அங்கேயே படுத்துவிடும். தகடு கோடவுனுக்குத் தகடு தெரியாத வண்டியை எவன் வாங்குவான்? நாகரத்தினத்தின் நாக்கு, அவனைக் கேட்காமலே வேலை செய்தது.

"நஜர் சேட்ஜி. வண்டி புதுசு. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வந்து பார்க்கிறான். கண்ணு பட்டுடக் கூடாதுல்ல? எங்க ஊர்ல பூசணிக்காயில பொம்மை வரைஞ்சு தொங்கவிடுவோம். இங்க பேப்பர்."

சேட் தலையை ஆட்டினார். கண் படுவதைப் பற்றி அவருக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற சுபல்தான் விழுந்து விழுந்து சிரித்தான். தகடு ஏற்றி இறக்குகிற ஆட்களில் அவன்தான் வாய்க்காரன். நாகரத்தினத்தை வங்காளி வழக்கப்படி 'தா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

"நாகு தா, இத்தனை பேப்பர் ஒட்டியிருக்கீங்களே, உங்க மூஞ்சிக்கு ஒண்ணு ஒட்டக் கூடாதா? எங்க தெருப் பொண்ணுங்க எல்லாம் உங்களைத்தான் பார்க்குது."

"உனக்குத்தான்டா ஒட்டணும், வாயில."

மேஸ்திரி மொண்டல் தாவும் சிரித்தார். விஷயம் முடிந்தது. நல்ல பொய்யைச் சொல்லி நல்ல விலைக்கு விற்ற திருப்தியோடு அன்றைக்கு நாகரத்தினம் டாக்குரியாவுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. கல்கத்தாவில் அன்றைக்கு மிஷின் ஓடாது. ரிக்‌ஷா முதல் லேத் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாலை போட்டுவிட்டு, மனிதர்கள் மொட்டை மாடியில் பட்டம் விடுவார்கள். நாகரத்தினத்துக்குப் பூஜை நாளும் அதற்கு முந்தின நாளும் கோடவுனில் வேலை இல்லை. பூஜைக்கு மறுநாள்தான் வேலை. விஸ்வநாதன் சென்னையிலிருந்து வருகிறார்; சேட் இன்னும் இரண்டு தகடு வியாபாரிகளை அழைத்து வருகிறார். வண்டி ஓடிக் காட்டினால் மூன்று கோடவுன் வியாபாரம் ஒரே நாளில் படியும்.

காலையில் விஸ்வநாதனோடு கோடவுனுக்குள் நுழைந்த நாகரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டான். கூரைத் தகரத்தில் அறுந்த பட்டம் இரண்டு மாட்டியிருந்தது. உள்ளே, கோடவுன் நீளத்துக்கும் இன்னொரு கோடவுன் பளபளத்தது. சட்டங்களுக்கு எல்லாம் சாமந்தி மாலை. ஒரு தகட்டிலும் பேப்பர் இல்லை.

சுபல் ஓடி வந்தான். "பாருங்க நாகு தா! மூணு பேரு, ஒரு நாள் முழுக்க. தண்ணி ஊத்தி, சுரண்டி, பாலிஷ் போட்டு, சங்கிலியெல்லாம் அவுத்துத் துடைச்சு... பல்லு இடுக்குல இருக்கிற சோறு கூடத் தெரியும், வந்து பாருங்க!"

"பேப்பர் எங்கடா?"

"விஸ்வகர்மாவே நேர்ல வந்து உட்கார்ந்துட்டாரு. இனிமே எவன் கண்ணு பட்டு என்ன ஆகப்போகுது?"

சேட் விருந்தாளிகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். நாகரத்தினம் விஸ்வநாதனை ஓரம் கட்டினான். தமிழ் அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அதனால் ரகசியத்தைச் சத்தமாகவே பேச முடிந்தது.

"சார், ஓட்ட வேண்டாம். பேப்பர் இல்லை."

"ஒட்டிடு."

"அரை நாள் ஆகும். பசை காயணும்."

"சேட்கிட்ட என்ன சொல்லுவே? பூஜை முடிஞ்ச மறுநாள், விருந்தாளிங்க முன்னாடி, குப்பைப் பேப்பர் ஒட்டறேன்னா?"

"உள்ளதைச் சொல்லிடலாம் சார்."

விஸ்வநாதன் சேட்டைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே சிரிப்போடு தமிழில் சொன்னார்: "நாகு, மூணு மாசமா ஓடுதுன்னு சொல்லிட்டு இன்னைக்கு ஓடாதுன்னா அதுக்குப் பேரு என்னய்யா? கையில ஸ்டாப் பட்டன் இருக்குல்ல? வண்டி தானா நிக்கலைன்னா நீ நிறுத்து. யாருக்குத் தெரியப் போகுது, அது நின்னதா நீ நிறுத்தினதான்னு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கெட்ட யோசனைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். நாகரத்தினம் பட்டனை எடுத்துக்கொண்டான். தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி, நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான்.

கடைசிச் சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். நடைபாதை நடுவில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுபல்.

"என்னடா பண்றே அங்க?"

"வீடியோ. நான் போட்ட பாலிஷ்ல வண்டி வர்றது தெரியணும். மிதாகிட்டக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்." மிதா அவன் மனைவி.

"வழியை விட்டு நகரு."

"ஒரு நிமிஷம், நாகு தா..."

"சொன்னாக் கேளு. அந்தப் பக்கம் போ, சட்டத்துக்குப் பின்னால."

"பின்னால நின்னா என்ன தெரியும்? தகட்டோட முதுகுதான் தெரியும்."

"தெரியாட்டிப் பரவாயில்லை. போடா."

சுபல் முணுமுணுத்துக்கொண்டு சட்டத்தைச் சுற்றிப் போனான். நாகரத்தினத்துக்கு மூச்சு வந்தது. இனி வண்டிக்கு முன்னால் ஆள் இல்லை. முட்டினால் ஒரு தகடு நசுங்கும். நசுங்கின தகட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

விஸ்வநாதன் வண்டியைத் தட்டிவிட்டார். சுமைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அது கிளம்பியது. விருந்தாளிகள் அதன் பின்னால், கல்யாண ஊர்வலம் போல நடந்து வந்தார்கள். வண்டி ஒரு வேகத்தில், தடுமாற்றமில்லாமல் வந்தது. அதன் கணக்கில் முன்னால் இருந்தது திறந்த பாதை.

நாகரத்தினம் இடைவெளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை இமைக்கக்கூட இல்லை. இந்தப் பக்கம் வண்டியின் பெட்டி, அந்தப் பக்கம் அதற்கு எதிர்வருகிற பெட்டி, நடுவே காலியாக இருக்கிற இடம். ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் இருந்தது. இன்னும் கொஞ்சம் வரட்டும், இப்போதே நிறுத்தினால் வண்டி பயந்து நின்ற மாதிரி இருக்கும், சட்டத்துக்கு ஒரு முழம் இருக்கிறபோது அமுக்கினால் எல்லாரும் கை தட்டுவார்கள். இப்படி விலை பேசிக்கொண்டே நின்றான். எதிரே வருகிற பெட்டி பிம்பம் என்பது மண்டைக்குத் தெரியும். ஆனால் இடைவெளியை அளந்தது மண்டையல்ல, கண். வண்டிக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே கட்டில் அளவு இடம் என்றால், தகட்டுக்கு இருப்பது அதில் பாதி.

அமுக்கினான். வண்டி நின்றது. சுமையின் கனம் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

பெட்டி தகட்டில் மோதிய சத்தம் பெரிதாக இல்லை. கதவைக் கொஞ்சம் கோபமாகச் சாத்தினது போலத்தான் இருந்தது. முன் பக்கத் தகடுகள் நசுங்கியபடி அப்படியே நின்றன. சட்டம் மட்டும் ஒரு முறை ஆடியது. பின் பக்கத்தில், துடைப்பதற்காக அவிழ்த்த சங்கிலியை யாரும் திரும்பக் கட்டியிருக்கவில்லை. அங்கே சாய்ந்திருந்த தகடுகள் ஒன்றாக நிமிர்ந்தன. ஒரு கணம் நின்று யோசித்தது போல இருந்தது. பிறகு மறுபக்கம் விழுந்தன. அந்தச் சத்தத்துக்குப் புறா எல்லாம் கூரையை விட்டுப் பறந்தது.

மொண்டல் தா "சுபல்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். கை வைத்துத் தூக்குகிற கனமா அது? மேலே ஓடுகிற கிரேனைக் கொண்டுவந்து, கொக்கி மாட்டி, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒவ்வொரு தகட்டிலும் குனிந்திருந்த எல்லார் முகமும் தெளிவாகத் தெரிந்தது. கடைசித் தகட்டை எடுத்தபோது அவசரப்பட ஒன்றும் மிச்சமில்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காரை விட்டு இறங்கும்போது விஸ்வநாதன் சொன்னார். "நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கிறேன்."

நாகரத்தினம் வாயைத் திறந்தான். மூன்று மாதம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்ததை, அந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வண்டியின் கண், தகடு, பேப்பர், தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். எதிரே இருந்த அதிகாரி பேனாவை மூடாமல் கேட்டார்.

"வண்டிக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அப்புறம் தெரியலைங்கிறீங்க."

"தகடு கண்ணாடி மாதிரி இருந்தது சார். வண்டி அதுல தெரிஞ்சதைப் பார்த்துச்சு, தகட்டைப் பார்க்கலை."

அதிகாரி சேட்டைப் பார்த்தார். சேட் ஜன்னலைப் பார்த்தார். "தகட்டுக்குச் சங்கிலி போட்டிருந்ததா?" என்றார் அதிகாரி.

"இல்லை."

"யார் அவுத்தது?"

சேட் இப்போது திரும்பினார். "பூஜைக்குப் பாலிஷ் போட்டவங்க சார். அதுல சுபலும் ஒருத்தன். பாவம்."

அதிகாரியின் பேனா ஓட ஆரம்பித்தது. வாங்குகிறவனுக்குப் பிடித்த சரக்கு கிடைத்துவிட்டது. நாகரத்தினத்தின் சரக்கு பெஞ்சிலேயே கிடந்தது. அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பிற்பகல் பிரேதப் பரிசோதனை முடிந்து சுபலை சிரிட்டி மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். மின்சாரச் சூளைக்கு இவர்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நாகரத்தினம் கேட்டுக்கு வெளியே, டீக்கடைப் பக்கம் நின்றான். மொண்டல் தா அவனைப் பார்த்துவிட்டு வந்தார். நாகரத்தினம் அவரிடமும் சொன்னான். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னது அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

"ஒட்டினப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னா சேட் வாங்க மாட்டார், மொண்டல் தா."

"சேட்கிட்டச் சொல்லாதே. என்கிட்ட?"

"உங்ககிட்டச் சொன்னா அவர் காதுக்குப் போயிடும்னு..."

மொண்டல் தா அவன் முகத்தையே பார்த்தார். "பேப்பரைக் கிழிக்காதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே நாகு. ஏன்னு நான் கேட்டிருக்கவே மாட்டேன். விஸ்வகர்மா பேப்பரோடயே உட்கார்ந்திருப்பாரு."

காசு செலவில்லாத இப்படி ஒரு வழி இருந்தது நாகரத்தினத்துக்குத் தோன்றவே இல்லை. உண்மை, பொய் என்று இரண்டு சரக்குதான் உலகத்தில் இருப்பதாக நினைத்திருந்தான்.

"உள்ளே வா. மிதா உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார் மொண்டல் தா.

சிமென்ட் மேடையில் பெண்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் அப்போது அழவில்லை. அவன் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாகு தாவா? ரொம்பச் சொல்லுவாரு உங்களைப் பத்தி." பிறகு, "வண்டிக்குத் தகடு தெரியலைங்கிறாங்க. நிஜமா?"

"நிஜம், அண்ணி."

"உங்களுக்கு?"

"நான் பக்கத்துலதான் இருந்தேன். நிறுத்துற பட்டன் என் கையிலதான் இருந்தது."

"பார்க்கலையா?"

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

உள்ளேயிருந்து யாரோ வந்து, அடுத்தது நாம்தான், தயாராகுங்கள் என்றான். பெண்கள் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலை. வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன்னு சொல்லிட்டுப் போனாரு. முன்னால நிக்க வேண்டிய மனுஷன். தகட்டுக்குப் பின்னால அவருக்கு என்ன வேலை?"

போலீஸ் ஸ்டேஷனில் இதை யாரும் கேட்கவில்லை. மொண்டல் தாவும் கேட்கவில்லை. அவர்களிடம் எடுத்து வைத்ததில் இது மட்டும் இல்லை. அவள் பதிலுக்காக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மொண்டல் தாவும் இப்போது அவனைத்தான் பார்த்தார்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றான் நாகரத்தினம். "அவன் மாட்டேன்னுதான் சொன்னான்."